67 சதவீதம் எங்கிருந்து வந்தது? கவுண்டி ஆணையமும் சாதியும்

ஃப்ரீமான்ட் அண்ணாச்சி:
நேற்று வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை சம்பந்தமே இல்லாமல் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "அமெரிக்காவில் இல்லாத சாதியை சான்டா கிளாரா கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) மனித உரிமை ஆணையம்தான் இறக்குமதி செய்தது." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால் தனி இழை.

ஆணையம் எதையும் இறக்குமதி செய்யவில்லை ஐயா. 2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியா அரசுத் துறையே சிஸ்கோ என்ற கணினி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை மேலதிகாரிகள் இருவர் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது புகார். நிறுவனம் மறுத்தது. அதற்கு அடுத்த ஏப்ரலில்தான் ஆணையம் சாதிப் பாகுபாடு பற்றிப் பொது விசாரணை வைத்தது. அம்பேத்கரிய அமைப்புகள் ஒரு பக்கம், இந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் எதிர்ப் பக்கம், இரண்டு தரப்பையும் உட்கார்ந்து கேட்டார்கள். வந்ததைக் கேட்டவனுக்கு இறக்குமதிக்காரன் என்று பட்டமா?

கணக்குப்பிள்ளை:
உங்கள் வயிறு எரிவதற்கு நான் மருந்து தர முடியாது. ஒரே கேள்வி. அந்த விசாரணையிலும் சரி, சாதிக்குத் தடை போட்ட சியாட்டில் நகரத்திலும் சரி, எல்லோரும் தூக்கிக் காட்டியது ஒரே காகிதம்: ஈக்குவாலிட்டி லேப்ஸ் என்ற தலித் உரிமை அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை. வேலையிடத்தில் 67 சதவீதம் பேருக்கு அநியாயம் நடந்ததாம். எப்படி எடுத்தார்கள்? இணையத்தில் படிவத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். விருப்பப்பட்டவர்கள் நிரப்பினார்கள். மொத்தமே சுமார் 1,500 பேர். இதை வைத்து ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்கள். 67 எங்கிருந்து வந்தது?

தெற்குவாசல்:
மொத்தப் பேரில் 67 இல்லை. பதில் சொன்ன தலித்துகளில் மூன்றில் இரண்டு பேர். அறிக்கையைத் திறந்து பார்த்துவிட்டுக் குதிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
திறந்து பார்த்ததால்தான் குதிக்கிறேன். புண்பட்டவர்களுக்குப் படிவம் அனுப்பினால் புண்பட்டேன் என்றுதானே எழுதுவார்கள்? கார்னகி ஆய்வு நிறுவனம் 2020இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மூலம் 1,200 இந்திய அமெரிக்கர்களிடம் முறையாகக் கேட்டது. சாதிப் பாகுபாட்டைச் சந்தித்தோம் என்றவர்கள் 5 சதவீதம். 67 எங்கே, 5 எங்கே? நான் கணக்குப் படித்தவன்.

மல்லிகா சன்னிவேல்:
கணக்குப் படித்தவர் அதே கார்னகி அறிக்கையில் இன்னும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். சாதி அடையாளம் உண்டு என்று சொன்ன இந்துக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பொதுப் பிரிவு. மாமியார்களாகப் பார்த்து உட்கார வைத்து, உங்கள் வீட்டில் மருமகள் கொடுமை உண்டா என்று கேட்டால் 5 சதவீதம் வந்ததே அதிசயம்.

கணக்குப்பிள்ளை:
என் அம்மாவை இதில் இழுக்க வேண்டாம்.

மல்லிகா சன்னிவேல்:
உங்கள் அம்மாவைப் பற்றி யார் பேசினார்கள்?

கணக்குப்பிள்ளை:
மாமியார் என்று எழுதினீர்களே. இங்கே எல்லோருக்கும் தெரியும் என் அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார் என்று. சரி, விடுங்கள். 67க்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஓக்லாந்து ஓரம்:
ஒரு சின்ன சந்தேகம். பாகுபாடு என்று எதைச் சொல்கிறோம்? பதவி உயர்வு தராததையா, சாப்பாட்டு மேசையில் கேலி பேசுவதையா, பெண் கொடுக்காததையா? கார்னகி கேட்ட கேள்வியும் அந்தப் படிவத்தில் இருந்த கேள்வியும் ஒன்றுதானா? அதை முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தெற்குவாசல்:
சண்டை குறைவது இருக்கட்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சேர்ந்த புதிது. மதியம் சாப்பிடும்போது நம்மூர் சீனியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊர் என்றார், சொன்னேன். அந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு? அதையும் சொன்னேன். நமக்குத்தான் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாதே, வெறும் இனிஷியல். அதனால் மனுஷனுக்குப் பிடி கிடைக்கவில்லை. "வெல்கம்ப்பா" என்று முதுகில் தட்டினார். தட்டிய கை உடனே எடுபடவில்லை, தோளிலிருந்து கீழே குறுக்காக மெதுவாக இறங்கியது. சட்டைக்குள் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார். தட்டுப்படவில்லை. அதற்கப்புறம் அந்த மேசைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கணக்குப்பிள்ளை:
வருத்தமான விஷயம்தான். ஆனால் ஒருவர் முதுகைத் தடவியது 67 சதவீதம் ஆகாது. எனக்கும் பலர் முதுகில் தட்டியிருக்கிறார்கள். நான் ஆணையத்துக்கு ஓடவில்லை.

ஃப்ரீமான்ட் அண்ணாச்சி:
உங்கள் முதுகில் தேடியது கிடைத்திருக்கும், தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
தனிநபர் தாக்குதல். நிர்வாகி கவனிக்கவும். 67?

சியாட்டில்காரன்:
நான் ஆணையம் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே பலர் அதை ஏதோ போலீஸ் ஸ்டேஷன் மாதிரி பேசுகிறீர்கள். சான்டா கிளாரா ஆணையம் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இடம், அவ்வளவுதான். சட்டம் போட முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் இந்த மாதிரி ஒரு மனித உறவு ஆணையம் 1944இலிருந்து இருக்கிறது. 1943இல் அங்கே மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் தெருத் தெருவாகத் துரத்தி அடித்தார்கள், சூட் சூட் கலவரம் என்பார்கள். அதற்குப் பிறகு வந்தது. வெறுப்புக் குற்றங்களைத் திரட்டி வருடா வருடம் அறிக்கை போடுகிறார்கள். எவ்வளவு நடக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதே பெரிய வேலை. எங்கள் ஊர்க் கதை வேறு. 2023 பிப்ரவரி 21 அன்று நகர மன்றமே 6க்கு 1 என்று சாதியைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. புகார் வந்தால் விசாரிக்க நகரத்துக்குத் தனி அலுவலகம் உண்டு.

கணக்குப்பிள்ளை:
1944இல் 67 இருந்ததா? சியாட்டிலில் அந்த 6 பேரும் எதைப் படித்துவிட்டுக் கை தூக்கினார்கள்? சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள். எல்லோரும் படித்தவர்கள், ஒருவருக்கும் சாம்பிள் எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. நான் மட்டும்தான் இந்தக் குழுவில் இதைக் கேட்கிறேன். கேட்டால் சாதி வெறியன். கவர்னர் நியூசமே 2023 அக்டோபர் 7 அன்று சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வந்த எஸ்.பி. 403 மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அவரும் சாதி வெறியனா? சிஸ்கோ வழக்கில் அந்த இரண்டு பேர் மீதான புகாரை 2023 ஏப்ரலில் அரசுத் துறையே வாபஸ் வாங்கியது. அவர்கள் பெயர் கெட்டது கெட்டதுதானே? அதற்கு எந்த ஆணையம் விசாரணை வைத்தது? மனித உறவு வளர்க்கிறார்களாம். என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்னிடம் ஒரு நாளும் சாதி கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்.

மல்லிகா சன்னிவேல்:
பாதி பாதியாகச் சொல்வதில் உங்களை அடிக்க ஆள் இல்லை. வாபஸ் ஆனது அந்த இருவர் மீது. நிறுவனத்தின் மீது வழக்கு அப்போதும் நடந்தது. நியூசம் சொன்னது, இருக்கிற சட்டமே வம்சாவளி என்ற பெயரில் இதைத் தடுக்கிறது, புதுச் சட்டம் தேவையில்லை என்று. சாதியே இல்லை என்று எங்கே சொன்னார்? அவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதற்குச் சில நாள் முன்னால், செப்டம்பர் 28 அன்று, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டுவிட்டது.

கணக்குப்பிள்ளை:
இருக்கிற சட்டமே போதும் என்றால் ஆணையம் எதற்கு? நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள், நன்றி.

மல்லிகா சன்னிவேல்:
நான் எங்கும் வரவில்லை. நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

ஃப்ரீமான்ட் அண்ணாச்சி:
ஊரில் உள்ள சர்வேக்கெல்லாம் ஆதாரம் கேட்கிறாரே, இவர் நம் தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தபோது பொங்கல் விழா முந்திரிப்பருப்புக்கு ரசீது கேட்டோம். இன்று வரை வரவில்லை. 67க்கு மூலம் கேட்கிறவர் முந்திரிக்கு மூலம் காட்டட்டும்.

கணக்குப்பிள்ளை:
ஆகா, வந்துவிட்டார். முந்திரி காஸ்ட்கோவில் வாங்கியது. ரசீதை அப்போதே செயலாளரிடம் கொடுத்தேன். செயலாளர் யார்? அண்ணாச்சியின் மச்சான்! மேடையில் வரவேற்புரை கொடுக்கவில்லை என்ற கோபத்தை எத்தனை வருடம்தான் வைத்திருப்பீர்கள்?

ஃப்ரீமான்ட் அண்ணாச்சி:
வரவேற்புரை எனக்கு எதற்கு? அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வாசலுக்கு வெளியே மேசை போட்டீர்களே, அதைக் கேட்டேன். ஜனவரிக் குளிரில் குழந்தைகள் வெளியே நின்று சாப்பிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
மண்டபத்துக்காரன் உள்ளே மீன் வாடை கூடாது என்றான். அதற்கும் ஆணையத்துக்குப் போங்கள். படிவம் நிரப்புங்கள். 68 ஆக்கிவிடுவார்கள்.

ஓக்லாந்து ஓரம்:
மீன் எந்தக் கடையில் வாங்கினீர்கள்? சும்மா கேட்கிறேன், என் முதல் கேள்விக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லை.

தெற்குவாசல்:
நான் எழுதியதற்கு இவர் சொன்ன ஒரே பதில், எனக்கும் தட்டியிருக்கிறார்கள் என்பது. அதை யாரும் கவனித்தீர்களா? விசாரணையில் எதிர்த்துப் பேசியவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: நாங்கள் பார்த்ததில்லை, அதனால் இல்லை.

கணக்குப்பிள்ளை:
இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? 67 இல்லை என்றேன். இந்த வித்தியாசம் புரியாதவர்களோடு என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவில் தனி அஜெண்டாவாக வைக்கிறேன், புரொஜெக்டரோடு வருகிறேன்.

ஃப்ரீமான்ட் அண்ணாச்சி:
நீங்கள் இப்போது செயற்குழுவிலேயே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அதை யார் முடிவு செய்தது? அன்றைக்குக் கூட்டம் நடத்தத் தேவையான அளவு உறுப்பினர்கள் (குவோரம்) இருந்தார்களா? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள், சதவீதம் சொல்லுங்கள் பார்ப்போம்.