ராலிங்ஸ் கானாவுக்கு ஜனநாயகம் தந்தவரா?

தென்றல்:
மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவை ராணுவத் தலைவராகவும் பிறகு அதிபராகவும் ஆண்ட ராலிங்ஸைக் கொலைகார ராணுவ ஆட்சியாளர் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். சரி, பக்கத்து நாடுகளைப் பாருங்கள். டோகோவில் எயாடெமா 1967-ல் உட்கார்ந்தவர், 2005-ல் செத்துத்தான் நாற்காலியை விட்டார், உடனே மகன் வந்துவிட்டார். புர்கினா ஃபாஸோவில் கொம்பவோரேயை 2014-ல் மக்கள் தெருவில் இறங்கித்தான் விரட்ட வேண்டியிருந்தது. ராலிங்ஸோ 1992 அரசியல் சட்டத்தின்படி இரண்டு தவணை முடித்து, 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் குஃபூவரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். தோற்றவர் விலகும் வழக்கம் அங்கே அவரிடமிருந்துதான் தொடங்கியது.

கயல்:
1979-ஐ அப்படியே தாண்டிவிட்டீர்களே தென்றல். ஜூன் 4 அன்று அவர் ஆட்சியைப் பிடித்தபோது தேர்தல் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது, அதுவரை ஆண்ட அகுஃபோவின் ராணுவ அரசு ஏற்பாடு செய்த தேர்தல் அது, அதை அவர் தடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் அச்சியாம்போங், அஃப்ரிஃபா, அகுஃபோ என்று நாட்டை ஆண்ட மூன்று பேர் உட்பட எட்டு ராணுவ அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் அந்தத் தேர்தலில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அதிபர் லிமானை 1981 டிசம்பர் 31 அன்று கவிழ்த்தது யார்? அதற்குப் பிறகு பதினோரு வருடம் தேசியத் தேர்தலே இல்லை.

மருது:
இதற்கெல்லாம் வேர் கானாவின் முதல் தலைவர் நிக்ரூமா காலத்தில் இருக்கிறது, இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. சுதந்திரம் கிடைத்தது 1957, விசாரணை இல்லாமல் சிறையில் போடும் சட்டம் வந்தது 1958. 1964-ல் ஒரே கட்சி. விடுதலைக்குப் பாடுபட்ட டான்குவா 1965-ல் நிக்ரூமாவின் சிறையிலேயே இறந்தார். அதனால்தான் 1966-ல் நிக்ரூமா ஹனோய்ப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தலைநகர் அக்ராவின் தெருக்களில் கூட்டம் கூட்டமாகக் கொண்டாடினார்கள்.

தென்றல்:
மருது சொல்வது எனக்கும் சாதகம்தான். 1981-ல் இடிக்க அங்கே உறுதியான ஜனநாயகம் ஒன்றும் இல்லை. அடுத்து வந்த 1983-ஐ நினைத்துப் பாருங்கள்: மழை இல்லை, காட்டுத்தீயில் கோகோ தோட்டங்கள் எரிந்தன, போதாததற்கு நைஜீரியா பத்து லட்சம் கானாக்காரர்களைத் திருப்பி அனுப்பியது. பசியில் துருத்திய கழுத்தெலும்புக்கு மக்கள் ‘ராலிங்ஸ் அட்டிகை’ என்று பெயர் வைத்தார்கள். தன் இடதுசாரி ஆட்களே எதிர்த்தும் அவர் ஐஎம்எஃப் எனும் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தை ஏற்று, பொருளாதாரத்தை நிமிர்த்தினார். சோறு இல்லாத நாட்டில் எந்தத் தேர்தல் நிற்கும்?

கயல்:
பஞ்சத்துக்கும் நீதிபதிகளைக் கொன்றதற்கும் என்ன சம்பந்தம்? 1982 ஜூன் 30 இரவு மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகளையும் ஓய்வுபெற்ற ஒரு மேஜரையும் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். நீதிபதிகளில் ஒருவர் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்.

தென்றல்:
அந்த வழக்கில் தன் ஆட்சிக் குழுவிலேயே இருந்த அமார்ட்டே க்வேயைச் சுட்டுக் கொல்ல வைத்ததும் அதே அரசுதான். மூடி மறைக்கவில்லை.

கயல்:
மரண தண்டனையோடு உண்மை முழுவதும் வெளியே வந்துவிட்டது என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்ல முடியுமா? ஜனநாயகத்துக்கு வருவோம். 1992-ல் அதிபர் தேர்தல் மோசடி என்று சொல்லி நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்த எதிர்க்கட்சிகள், ஆயுதம் தூக்காமல் தேர்தல் ஆணையத்தோடு உட்கார்ந்து பேசின. அதன் பலனாக 1996-ல் உள்ளே இருப்பது தெரிகிற ஓட்டுப்பெட்டி வந்தது. 1995-ல் வாட் வரியை எதிர்த்து அக்ராவில் பெரும் ஊர்வலம் போனார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள், அரசு வரியைத் திரும்பப் பெற்றது. 2008 அதிபர் தேர்தலில் சுமார் நாற்பதாயிரம் ஓட்டில் வெற்றி தோல்வி முடிவானது, டெய்ன் என்ற ஒரே ஒரு தொகுதியின் ஓட்டுக்காக நாடே காத்திருந்தது, அப்போதும் ராணுவம் முகாமை விட்டு வரவில்லை. இதையெல்லாம் ஒருவர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

தென்றல்:
ராணுவம் முழுக்க ராலிங்ஸ் கையில் இருந்த 2000-ல் அவருடைய துணை அதிபர் மில்ஸ் அதிபர் தேர்தலில் தோற்றார். தடுக்க நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே?

கயல்:
தடுக்காமல் போக அவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 1992 அரசியல் சட்டத்தின் இடைக்கால விதிகளைப் படியுங்கள். அவருடைய ராணுவ ஆட்சிக் காலச் செயல்களுக்காக யார் மீதும் வழக்குப் போட முடியாது, அந்த விதியைத் திருத்த நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. ஜனநாயகத்தை நம்பித் திரும்பியவருக்கு இந்தப் பூட்டு எதற்கு? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.