பெற்றோரைச் சிகிச்சையாளராக்குவது ஆதரவா, சுமையா?

கூழாங்கல் எழுதியது:

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் அவனுக்குச் சேர்ந்தே உண்டு. பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர் ஆகிய மூவரும் தனித்தனியே கொடுத்த வீட்டுப் பயிற்சிகளைச் சென்ற வாரம் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன்; நாளொன்றுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வந்தது. மற்ற இருவர் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்டதில்லை. நான் எத்தனை மணி நேரம் உறங்குகிறேன் என்றும் கேட்டதில்லை. பெற்றோர் வழிச் சிகிச்சை என்று ஆய்வுலகம் இன்று பாராட்டுவது, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலையை ஊதியமில்லாமல் தாயின் தலையில் ஏற்றுவதாகவே நடைமுறையில் முடிகிறது என்பது என் வாதம்.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1943-இல் லியோ கன்னர் என்ற குழந்தை மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைக் கொண்டு ஆட்டிசத்தை விவரித்தபோதே அவர்களுடைய பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் எழுதினார். புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதையே பெரிய கோட்பாடாக வளர்த்தார். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற பழியை ஒரு தலைமுறைப் பெண்கள் சுமந்தார்கள். அன்று தாயை நோய்க்குக் காரணம் என்றார்கள், இன்று மருந்து என்கிறார்கள். இரண்டிலும் கணக்குக் கேட்கப்படுவது அவளிடம்தான்.

திசைமானி எழுதியது:

பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கான சிகிச்சையாளராக இருக்கிறேன்; ஆகவே நீங்கள் குற்றம் சாட்டும் தரப்பைச் சேர்ந்தவள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன வரலாறு உண்மை, ஆனால் பாதிதான். பெற்றோரைப் பழிக்கும் அந்தக் கருத்தை எதிர்த்து, ஆட்டிசத்துக்கு உயிரியல் அடிப்படை உண்டு என்று 1964-இலேயே எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியலாளர் மட்டுமல்லர், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் தந்தை. அதற்கும் முன்னால், நார்வேயில் போர்க்னி எகலான்ட் என்ற தாய், வளர்ச்சி தடைப்பட்ட தம் இரு குழந்தைகளையும் அவர்களுடைய சிறுநீரின் விசித்திரமான வாடையையும் பற்றி மருத்துவர்களிடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரைச் சோதித்ததில் பினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை வளர்சிதை மாற்றக் குறைபாடு கண்டறியப்பட்டது. இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டை உடனே தொடங்கினால் மூளைப் பாதிப்பைத் தவிர்க்க முடிகிறது. பெற்றோரின் கவனிப்பை ஆய்வுக்குள் கொண்டுவருவது அவர்கள்மீது பழி சுமத்துவதாகாது.

'பாக்ட்' என்ற சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு சிகிச்சையாளர் அதை அவர்களோடு சேர்ந்து பார்க்கிறார். 'இங்கே குழந்தை உங்கள் பக்கம் திரும்பினான், நீங்கள் ஒரு நொடி காத்திருந்தீர்கள், அதனால் அவன் தொடர்ந்தான்' என்பதுபோல் சிறு கணங்களைச் சுட்டிக்காட்டுகிறார். வீட்டில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் செய்தால் போதும். இதே முறையைச் சற்று மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடையே, வல்லுநர் அல்லாத பணியாளர்களைப் பயிற்றுவித்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது அதில் கூடியது. வல்லுநர்கள் அரிதான இடங்களில் இதை விட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு எதுவுமே கிடைக்காது.

வரைகோல் எழுதியது:

ஆய்வுகளின் முடிவுகளை முழுமையாக வைத்தால் விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன். பாக்ட் முறையின் முதல் பெரிய ஆய்வில் (2010) 152 குழந்தைகள் இருந்தனர். பெற்றோர் பதிலளிக்கும் விதம் பெரிதும் மாறியது. ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோலான ஆட்டிச அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அப்போது தெரியவில்லை. அதே குழந்தைகளை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதுதான் (2016) அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தது தெரிந்தது. வீட்டோடு பள்ளியையும் சேர்த்து நடத்திய பிந்தைய ஆய்விலோ (2022) அறிகுறிகளில் மாற்றமில்லை. திசைமானி குறிப்பிட்ட 2015 ஆய்விலும், தாயும் குழந்தையும் ஒரே பொருளில் கவனம் செலுத்திய நேரம் கூடாமல் குறைந்தது. இதை வைத்து முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெற்றி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது என்கிறேன்.

கூழாங்கல்லுக்கும் ஒரு சொல். பெற்றோரின் அனுபவம் மதிக்கத்தக்கது, ஆனால் அது அளவுகோல் ஆகாது. செரிமானச் சோதனைக்குப் பயன்படும் செக்ரடின் என்ற ஹார்மோனால் மூன்று குழந்தைகள் முன்னேறினார்கள் என்ற செய்தி 1998-இல் பரவியபோது உலகெங்கும் பெற்றோர் அதைத் தேடி அலைந்தார்கள். மறு ஆண்டே 60 குழந்தைகளிடம் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில் அது வெறும் உப்பு நீரைவிட மேலானதாக இல்லை. அந்த முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வம் காட்டினார்கள்.

கூழாங்கல் எழுதியது:

அந்த 69 சதவீதத்தைப் பெற்றோரின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுகிறீர்கள். அவர்களுக்கு அந்த மருந்தைத் தவிர வேறு என்ன தரப்பட்டது என்று பாருங்கள். 'இது பலிக்காது' என்ற செய்தியோடு ஆய்வு முடிந்துவிட்டது. அன்று இரவும் அவர்கள் வீட்டில் யாரும் உறங்கியிருக்க மாட்டார்கள்.

நான் அளவுகோலைத்தான் கேட்கிறேன். ஆய்வின் அட்டவணையில் குழந்தையின் அறிகுறிகளுக்கும் தாய் பதிலளிக்கும் விதத்துக்கும் இடம் இருக்கிறது. அவள் செலவிட்ட மணி நேரத்துக்கும், விட்ட வேலைக்கும், மூத்த மகளோடு பேசாமல் போன மாலைகளுக்கும் இடம் எங்கே? 1987-இல் லோவாஸ் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள 19 குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து ஒன்பது பேர் இயல்பு நிலையை எட்டியதாக எழுதினார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, தண்டனையும் பயிற்சியில் இருந்தது என்பதெல்லாம் பிறகு விமர்சிக்கப்பட்டன. ஆனால் அந்த 40 என்ற எண் மட்டும் வீடுகளை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மாலையும் 'இன்னும் செய்திருக்கலாமே' என்று என்னை உறுத்துவது அந்த எண்தான்.

தனிவழி எழுதியது:

ஆட்டிசம் உள்ள வயதுவந்தவன் நான். 'நோய்', 'மருந்து' என்ற சொற்களை இருதரப்பும் மிக எளிதாகப் புழங்குவதைப் பார்த்தேன். எனக்கு அவை பொருந்தவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த இடத்தில் நான் சிகிச்சையாளரின் பக்கம் நிற்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். என்னைக் கண்ணைப் பார்த்துப் பேச வைக்கவும் கைகளை அசைக்காமல் இருக்க வைக்கவும் சிறுவயதில் பல ஆண்டுகள் பழக்கினார்கள். பாக்ட் முறையில் மாறச் சொல்லப்படுவது பெரியவர். குழந்தை கொடுக்கும் சைகையைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவர்தான். என் அம்மாவுக்கு இப்படி ஒருவர் அந்தக் காணொளியைக் காட்டியிருந்தால், நான் எப்போது பேச முயன்றேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதே சமயம், அறிகுறி குறைந்ததா என்று மட்டும் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ளவர்களும் குடும்பத்தினரும் வல்லுநர்களும் சேர்ந்து 2016-இல் ஆய்வுக்கான பத்துக் கேள்விகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் பெற்றது மனநலம். அறிகுறிகளைக் குறைப்பது முதலிடத்துக்கு வரவில்லை.

திசைமானி எழுதியது:

தனிவழி சொன்னதை மறுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. கூழாங்கல் சொன்னதில் ஒரு பகுதியை ஏற்கிறேன்: வீட்டுப் பயிற்சியை எழுதிக் கொடுக்கும்போது மற்றவர்கள் கொடுத்ததை நானும் பெரும்பாலும் கேட்டதில்லை.

ஆனால் குறை, பயிற்சியின் அளவில் இருக்கிறதே தவிர முறையில் இல்லை. பெருமூளை வாதம் உள்ள பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், குடும்பமே தேர்ந்தெடுத்த இலக்குகளுக்கு மட்டும் வீட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். குடும்பங்கள் அதைச் செய்தது மாதத்துக்கு ஏறத்தாழ 17 முறை, முறைக்கு ஏறத்தாழ 16 நிமிடம். அந்த அளவிலேயே எட்டு வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட வேண்டும் என்று குடும்பம் விரும்பினால், பள்ளிக்குக் கிளம்பும் நேரமே பயிற்சி நேரமாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டு வருகைகள் என்ற அளவில்தான் இருக்கிறது; பராமரிப்பவரின் சொந்த நலனும் அதன் பாடங்களில் ஒன்று.

கூழாங்கல் எழுதியது:

அந்த 16 நிமிடக் கணக்கை இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை, அதற்கு நன்றி. ஒன்பது அமர்வுகளைப் பற்றி மட்டும் கேட்கிறேன்: அங்கே என் சொந்த நலனைப் பற்றி நான் பாடம் கேட்கும்போது என் மகனை யார் பார்த்துக்கொள்வார்கள்? எனக்கு வேண்டியது வாரத்தில் ஒரு பிற்பகல் அவனை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒருவர்.

வரைகோல் எழுதியது:

இது ஆய்வு முறையையும் தொடும் கேள்வி. குழந்தையை விட்டுவர ஆள் இல்லாத குடும்பங்கள் ஆய்வில் சேருவதே அரிது. சேர்ந்தாலும் இடையில் நின்றுவிடுவார்கள். அப்படியானால் எஞ்சியவர்களிடம் கிடைத்த முடிவைத்தான் எல்லோருக்கும் பொருத்துகிறோம். செலவிட்ட மணி நேரத்தை ஒரு விளைவாகவே பதிய வேண்டும் என்ற கூழாங்கல்லின் கோரிக்கையை, என் முந்தைய பதிவை மீறி, ஆதரிக்கிறேன்.

திசைமானி எழுதியது:

மாற்றுப் பராமரிப்பு வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. அதற்காகப் பயிற்சியைக் கைவிட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். நீங்கள் கூட்டிப் பார்த்த அந்தத் தாளை மூவர் முன்னிலும் ஒரே நாளில் வைத்து, இதில் எந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

கேட்கிறேன். மூவருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடிப் பிடிக்கும் வேலையும் என்னுடையதுதான் என்பதை அந்தத் தாளில் இன்றே சேர்த்துவிட்டேன்.