கையெழுத்து யாரைக் கட்டுகிறது? கல்லூரி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பில் நாங்கள் நேரில் கண்டவை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து, பள்ளி ஆசிரியை:

இங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் அமெரிக்கக் கால்பந்துதான். பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டக்காரர்கள் கல்லூரிகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சைனிங் டே, அதாவது பிப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை, பள்ளிக்கே திருவிழா நாள். ஜிம்மில் மேசை போட்டு, கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, பெற்றோரை இருபுறமும் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். 2017 முதல் டிசம்பரிலும் ஒரு கையெழுத்துக் காலம் வந்துவிட்டதால் பெரும்பாலோர் அப்போதே முடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்லவிருப்பது அதற்கு முந்தையது, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது.

என் வகுப்பில் லைன்பேக்கர் ஆடும் மாணவன் ஒருவன் இருந்தான். பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் தென்பகுதியின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவனுக்கு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொன்னது, அவனும் சம்மதித்தான். எல்லாம் வாய்ப்பேச்சுதான். வாக்குக் கொடுத்த பிறகு வேறு கல்லூரியை எட்டிப் பார்க்கக் கூடாது என்று அங்கிருந்த பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், தேடி வந்த மற்றவர்களை அவனே திருப்பி அனுப்பினான். ஜனவரி நடுவில் அதே பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு எண்ணிக்கை இடிக்கிறது, கிரேஷர்ட் எடுத்துக்கொள் என்றார்.

கிரேஷர்ட் என்றால் ஆகஸ்டில் சேராமல் அடுத்த ஜனவரியில் சேர்வது. அவனுடைய ஸ்காலர்ஷிப் அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதப்படும். இடைப்பட்ட மாதங்களுக்கு ஒரு காசும் வராது. சரி, அதுவரை வேறொரு கல்லூரியில் படிக்கலாமே என்றால், முழுநேர மாணவனாக எங்கே சேர்ந்தாலும் அன்றிலிருந்தே அவனுடைய ஐந்தாண்டு ஆட்டத் தகுதிக் காலம் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே பகுதிநேரமாக ஒன்றிரண்டு பாடம், கடையில் ஏதாவது வேலை, சொந்தச் செலவில் உடற்பயிற்சி என்று பையன் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அவன் அம்மாவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் இரவு வேலை. மறுநாள் காலை, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. ஜனவரியில் இடம் உண்டு என்பது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். எந்தத் தாளிலும் இல்லை.

அன்றைய விதிகளின்படி முதல் நிலைக் கல்லூரி அணி ஒன்றில் ஒரே நேரத்தில் 85 பேர் ஸ்காலர்ஷிப்பில் இருக்கலாம். ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்வோர் 25 பேரைத் தாண்டக் கூடாது. சேர்க்கைக்குத்தான் இந்த வரம்பு, கையெழுத்துக்கு வரம்பே இல்லை. 2009 பிப்ரவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான், தென்பகுதிப் பல்கலைக்கழகங்களின் போட்டிக் கூட்டமைப்பான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் 28 என்று உச்சவரம்பு வைத்து, 2011இல் அதை 25 ஆகக் குறைத்தது. பிக் டென் கான்ஃபரன்ஸ் பல பதிற்றாண்டுகளாக இதில் கறாராக இருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூடுதல் கையெழுத்து இல்லாமல் அணி நடத்தவே முடியாது என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சைனிங் டேயில் 2024 வரை வழக்கில் இருந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற தாளில் கையெழுத்திட்ட மாணவன் மனம் மாறி வேறு பெரிய கல்லூரிக்குப் போனால், ஓர் ஆண்டு ஆடாமல் இருக்க வேண்டியிருந்தது, ஓர் ஆண்டுத் தகுதியையும் இழக்க வேண்டியிருந்தது. அவனை அழைத்த பயிற்சியாளரோ கையெழுத்து வாங்கிய மறுவாரமே கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஊர் போகலாம். மாணவன் கட்டுப்பட்டது பல்கலைக்கழகத்துக்குத்தான், பயிற்சியாளருக்கு அல்ல என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. எண்ணிக்கையில் வரும் நிச்சயமின்மையைச் சம்பளம் வாங்கும் பெரியவர்கள் சுமக்காமல் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைத்த இந்த ஏற்பாட்டைத்தான் நான் அநீதி என்கிறேன்.

அந்த மாணவன் கிரேஷர்ட்டை ஏற்கவில்லை. இரண்டாம் நிலை எனச் சொல்லப்படும் எஃப்சிஎஸ் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அங்கே அன்று 63 ஸ்காலர்ஷிப் வரையிலான தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவனுக்குப் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. மீதியைக் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் பணியாற்றிய கல்வி ஆலோசகர்:

ஆசிரியை அவர்கள் வாசலில் நின்று பார்த்ததை நான் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிப்ரவரியில் அளவுக்கு மீறிக் கையெழுத்து வாங்கிய அணி, ஆகஸ்டுக்குள் கணக்கை 85க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. புதியவர்களைத் தள்ளிப்போட முடியாதபோது பழையவர்கள் போக வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில், ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பெயரும் சிறு காந்தப் பட்டையில் எழுதி வெள்ளைப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுவார். அதன் பிறகு சில பட்டைகள் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். அந்த மாணவர்கள் அடுத்த நாளே என் அறைக்கு வந்து, வேறு கல்லூரிக்கு எத்தனை கிரெடிட்டுகளை எடுத்துப் போகலாம் என்று கேட்பார்கள். துரத்தினார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. “இங்கே இருந்தால் களத்தில் இறங்க வாய்ப்பு குறைவு என்று கோச் சொன்னார்” என்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் பல்கலைக்கழகம் ஜூலை 1க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் மாணவன் முறையிடலாம். ஆனால் தானாகவே விலகுகிறேன் என்று கையெழுத்திட்டவனுக்கு முறையிட என்ன இருக்கிறது? ஆகவே புதுப்பிக்க மறுக்கும் கடிதம் அநேகமாக எழுதப்படுவதே இல்லை. அதற்கு முந்தைய அந்தத் தனிப்பேச்சிலேயே காரியம் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் வேர் 1973இல் இருக்கிறது. அந்த ஆண்டில்தான், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏ, நான்காண்டு உத்தரவாதத்தை எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2011இல் பல ஆண்டு ஸ்காலர்ஷிப் தரலாம் என்று மறுபடியும் அனுமதித்தபோது, அதை ரத்துசெய்யப் பல்கலைக்கழகங்களே வாக்கெடுப்புக் கேட்டன. 62.5 விழுக்காடு தேவைப்பட்ட இடத்தில் ரத்துக் கோரிக்கை நூலிழையில்தான் தோற்றது. தரத்தான் வேண்டும் என்ற கட்டாயம்கூட அந்த விதியில் இல்லை, விரும்பினால் தரலாம் என்பதுதான். அதையே தடுக்க அத்தனை பேர் கை தூக்கினார்கள். 2015 ஜனவரியில்தான் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்கள், ஆட்டத் திறமையைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கூடாது என்று முடிவு செய்தன.

மருத்துவ விலக்கு என்று இன்னொரு வழி உண்டு. காயத்தால் இனி ஆட முடியாது என்று அறிவிக்கப்பட்டவன் ஸ்காலர்ஷிப்பில் தொடர்ந்து படிக்கலாம்; ஆனால் அன்றைய 85 பேர் கணக்கில் வரமாட்டான், அந்தக் கல்லூரிக்கு மறுபடி ஆடவும் முடியாது. உண்மையான காயத்துக்கு இது நல்ல ஏற்பாடு. அதே சமயம், ஓர் இடம் காலியாக வேண்டும் என்ற தேவை அணிக்கு இருக்கும்போது, அந்த அணியே சம்பளம் கொடுக்கும் மருத்துவர் எழுதும் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது? 2010இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அலபாமா பல்கலைக்கழகத்தைப் பற்றி இதே கேள்வியை எழுப்பியது. முடிவு முழுக்க மருத்துவர்களுடையது என்று பல்கலைக்கழகம் சொன்னது. என்னிடம் படித்த ஒருவன் முழங்கால் காயத்துக்காக அப்படிக் கையெழுத்திட்டான். பட்டமும் பெற்றான், இன்று நல்ல வேலையில் இருக்கிறான். வேறு மருத்துவரிடம் காட்டலாம், வேறு கல்லூரியில் ஆடத் தடையில்லை என்ற இரண்டு செய்தியும் கையெழுத்திடும்போது தனக்குத் தெரியாது என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். தாளை நீட்டியவர்களுக்கு அது தெரியும்.

மிசிசிப்பியிலிருந்து, சமுதாயக் கல்லூரி ஆசிரியர்:

மேலே எழுதிய இருவரிடமிருந்தும் நான் சற்று மாறுபடுகிறேன். இந்த மாநிலத்தின் ஈராண்டு சமுதாயக் கல்லூரிகளில் ஃபுட்பால் பெரிய விஷயம். என் ஆங்கில வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டு, பள்ளி மதிப்பெண் என்சிஏஏ வைத்த அளவை எட்டாததால் இங்கே வந்தவர்கள். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது ஜூன், ஜூலை வரை தெரியாது. சரியாக 25 பேரிடம் மட்டும் கையெழுத்து வாங்கு என்றால், பயிற்சியாளர் முதலில் கைவிடுவது மதிப்பெண் சந்தேகத்தில் இருக்கும் ஏழைப் பிள்ளையைத்தான். என் மாணவன் ஒருவன், தான் பள்ளியில் தேறமாட்டான் என்று தெரிந்தே அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்து வாங்கியதாகவும், இந்த இரண்டு ஆண்டுத் திட்டத்தை முதல் நாளே தாயிடமும் தாத்தாவிடமும் உட்கார்ந்து விளக்கியதாகவும் சொன்னான். அவனுக்கு அதில் குறையே இல்லை.

ஆகவே கூடுதலாகக் கையெழுத்து வாங்குவதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஜூலை வரை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். 2022இல் ஆண்டுக்கு 25 என்ற வரம்பையே தளர்த்தினார்கள். அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடம் கிடைத்ததா என்றால், என் அனுபவத்தில் இல்லை. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வரும் இருபத்திரண்டு வயது அனுபவசாலிகள் அந்த இடங்களை எடுத்துக்கொள்கிறார்கள். என் மாணவர்களுக்கு வரும் அழைப்புகள் கண்ணெதிரே குறைந்தன.

மீண்டும் கல்வி ஆலோசகர்:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லப்பட்ட கிரேஷர்ட்டை நானும் குறைகூற மாட்டேன். ஆனால் போர்ட்டல் வந்த பிறகு, முன்பு மூடிய அறையில் நடந்த அந்த ஏப்ரல் பேச்சு இப்போது மேடையிலேயே நடக்கிறது. 2022 டிசம்பரில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்த டியான் சாண்டர்ஸ், முதல் கூட்டத்திலேயே ஆட்டக்காரர்களைப் போர்ட்டலில் குதிக்கச் சொன்னார். அதைப் படம்பிடித்து உலகுக்கும் காட்டினார்கள். அடுத்த பருவத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். புதிய பயிற்சியாளர் அணியிலிருந்து நீக்குபவர்கள் ஸ்காலர்ஷிப்போடு அங்கேயே படிக்கலாம், அவர்கள் 85இல் எண்ணப்படமாட்டார்கள் என்ற விதி அன்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார் என்று பலர் பாராட்டினார்கள். உண்மையைச் சொல்வது நல்லதுதான். அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு வந்து அழைத்தவர்கள் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்பது அதனால் தீர்ந்துவிடவில்லை.

ஒரு வாக்-ஆன் மாணவனின் தந்தை:

என் மகன் மத்திய மேற்குப் பகுதியின் பெரிய அணி ஒன்றில் கிக்கர். ஸ்காலர்ஷிப் கிடையாது, கட்டணம் முழுவதும் நாங்கள் கட்டினோம். வாக்-ஆன் என்று இப்படிச் சேர்பவர்களால்தான் பல அணிகளில் 120க்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தில், பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை, என்று வந்தது. கூடவே ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்பும் வந்தது. யாருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் தீர்ப்பு வரும் முன்பே அணிகள் ஆட்களைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. 2025 வசந்தத்தில் என் மகனின் லாக்கரைக் காலி செய்யச் சொன்னார்கள்.

நீதிபதி கிளாடியா வில்கன் அதைக் கண்டு, அப்படி நீக்கப்பட்டவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்று நிறுத்தி வைத்தார். பிறகு அவர்களைத் தனிப் பட்டியலில் சேர்த்து, எந்தக் கல்லூரி எடுத்துக்கொண்டாலும் 105இல் எண்ணக் கூடாது என்று மாற்றி எழுதி, 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் கிடைத்தது. திரும்பச் சேர்ப்பது கட்டாயம் அல்ல; பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

மகன் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டான். போர்ட்டல் வழியாக வேறொரு கிக்கர் ஏற்கெனவே வந்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அவன் பொறியியல் படிப்பை அங்கேயே தொடர்கிறான், முழுக் கட்டணத்தில்.