நான்கு மணி நேரச் செய்முறைக்கு ஏன் இரண்டே கிரெடிட்?

கேள்வி (பாம்பன், பெற்றோர்):
என் மகள் ராமநாதபுரத்தில் இளங்கலை விலங்கியல் படிக்கிறாள். வாரம் நான்கு மணி நேரம் நடக்கும் பாடத்துக்கு 4 கிரெடிட். அதே நான்கு மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க வேண்டிய செய்முறைக்கு 2 கிரெடிட். நின்று வேலை செய்தால் பாதிக் கூலிதானா? மொத்தத் தரப்புள்ளியை இது பாதிக்குமா?

பதில் (கீழக்கரை, ஓய்வு பெற்ற பேராசிரியர்):
ஐயா, பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கோ இரண்டு மணி நேரச் செய்முறைக்கோ ஒரு கிரெடிட் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் பழைய விதி. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வகுப்புக்கு வெளியே படிப்பதையும் சேர்த்து 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாக எடுத்துக்கொள்கிறது. 15 வாரப் பருவத்தில் உங்கள் மகளின் விரிவுரை 60 மணி நேரம். வீட்டில் இன்னொரு 60 மணி நேரம் படிப்பாள் என்று கொண்டால் 120, அதாவது 4 கிரெடிட். செய்முறையின் 60 மணி நேரமும் ஆய்வகத்திலேயே முடிந்துவிடும் என்று கருதுவதால் 2.

தரப்புள்ளியை நிச்சயம் பாதிக்கும். பாடத்தில் 6, செய்முறையில் 9 வாங்கினால் சராசரி 7.5 ஆகாது, ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டான 6-ஆல் வகுப்பதால் 7 தான் வரும்.

பதில் (தொண்டி, முதுகலை மாணவி):
ஐயா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் செய்முறை ஆய்வகத்தோடு முடிகிறது என்பதை ரெக்கார்டு என்னும் செய்முறைக் குறிப்பேட்டை எழுதிய யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பகலில் அறுத்துப் பார்த்த மீனின் செவுளை இரவில் பென்சிலால் வரைந்து, பாகம் குறித்து, மறுநாள் நீட்டினால், ஒரு கோடு பிசகியதற்காகக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தருவார்கள். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மண்டபம் கரைக்குக் களப்பயணம் போனாலோ, கடல் வற்றும் வேளை பார்த்து விடியலிலேயே கிளம்ப வேண்டும்.

பதில் (கீழக்கரை, ஓய்வு பெற்ற பேராசிரியர்):
மறுக்க முடியாது, அம்மா. அமெரிக்காவில் 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை பள்ளிப் பாடத்துக்கு 120 மணி நேரம் என்று அலகு வகுத்த நாள் முதல், இம்முறை அளப்பது நேரத்தைத்தான், கற்றதை அன்று. ஐரோப்பாவில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேரம். அங்கு மாணவரின் மொத்த உழைப்பையே எண்ணுவதால் ரெக்கார்டு எழுதும் நேரமும் அதில் அடங்கும். இங்கே அதைக் கேட்க வேண்டிய இடம் துறையின் பாடத்திட்டக் குழு. அடுத்த திருத்தத்துக்கு முன் மாணவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.