தருமபுரியில் ஒரு சனி, ஞாயிறு: பழைய கோயில், கோட்டை பார்க்க எங்கே ஆரம்பிக்கலாம்?

சனத்குமார நதி:
வணக்கம். சொந்த ஊர் தருமபுரிதான், பன்னிரண்டு வருஷமாகப் பெங்களூரில் வேலை. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு அலுவலக நண்பர்கள் எட்டுப் பேரை ஊருக்குக் கூட்டி வருகிறேன். எல்லோரும் ஒகேனக்கல் என்றார்கள், நான்தான் இந்த முறை எங்கள் ஊரையே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோட்டைக் கோயிலுக்குச் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனதோடு சரி, அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பாவும் வருவார், வயது 71, முழங்கால் வலி, மலை ஏற முடியாது. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? கிருஷ்ணகிரியையும் சேர்க்கலாமா?

வேடியப்பன் பேரன்:
கோட்டையிலேயே ஆரம்பியுங்கள், சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள். மல்லிகார்ஜுனர் கோயிலில் தொங்கும் தூண் இருக்கிறது. அதன் அடிக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி, ஒரு தாளை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுக்கலாம். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கல்யாண காமாட்சி சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர வேண்டும். அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

9, 10ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஊர் நுளம்பர் என்ற அரச மரபின் கையில் இருந்தது. தூண் வேலைக்குப் பேர் போனவர்கள். அவர்கள் நாட்டுத் தூண்களைச் சோழர்கள் திருவையாறு வரை கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தினார்கள் என்றால் பாருங்கள்.

அப்புறம் ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை விடாதீர்கள், அங்கே நடுகற்கள் இருக்கின்றன, சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள். நம் பக்கத்தில் வயலோரம் வேடியப்பன் என்று கும்பிடுகிறோமே, அதில் பலவும் நடுகல்தான். என் தாத்தா பொங்கலுக்குப் படையல் போட்ட கல்லும் அப்படித்தான், கையில் வில்லோடு ஒருவன். இந்தக் கற்களில் சிலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டவன் என்று அர்த்தம். அதை உங்கள் நண்பர்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

பாலக்கோடு பஸ்:
ஞாயிறு காலை அதியமான்கோட்டை. சேலம் ரோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். சென்னராயப் பெருமாள் கோயில் மேற்கூரையில் ராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கின்றன, நிறைய உதிர்ந்துவிட்டன, இருப்பதாவது இருக்க வேண்டும், அதனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே இருட்டு கண்ணுக்குப் பழக ஐந்து நிமிஷம் கொடுத்தால் போதும், சிவப்பும் காவியும் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். கோயில் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தேய்பிறை அஷ்டமி அந்த ஞாயிறில் வருகிறதா என்றும் பாருங்கள், வந்தால் அதே ஊரில் இருக்கும் காலபைரவர் கோயிலுக்குச் சாம்பல் பூசணி விளக்குப் போட வருகிற கூட்டத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதைப் பார்த்தாலும் ‘இது அதியமான் கட்டியது’ என்று சொல்லிவிடாதீர்கள், நம் ஊரில் அந்தப் பழக்கம் உண்டு. தகடூர் என்ற பழைய பெயரில் இது அவன் ஊர்தான், ஆனால் இப்போது நிற்கிற கோயில்கள் அவனுக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்தவை. அவன் பெயர் பொறித்த கல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் இருக்கிறது, 1981இல் கண்டுபிடித்தார்கள். ‘அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று தமிழி எனும் மிகப் பழைய எழுத்தில், அதாவது அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம் என்று. இந்த ஒரு வரி போதாதா நமக்கு?

ராயக்கோட்டைக்காரன்:
கிருஷ்ணகிரியைத் தயவுசெய்து இதோடு சேர்க்காதீர்கள். எங்கள் ராயக்கோட்டை துருகமும் சரி, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் சரி, ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும், அப்பா கீழே தனியாக உட்கார்ந்திருப்பார். அதற்குத் தனியாக ஒரு வாரம் வாருங்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை, அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார், அதற்குப் பிறகு கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே நிலம் அளந்து நேரடியாக உழவனிடம் வரி வாங்கிப் பார்த்ததுதான் பின்னால் ரயத்துவாரி ஆனது. மலை மேல் நின்று கீழே வயலைக் காட்டிச் சொன்னால்தான் அது மனதில் நிற்கும்.

ஞாயிறு மதியம் நேரம் இருந்தால் பாப்பாரப்பட்டி போங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தது அங்கேதான், நினைவிடம் இருக்கிறது.

சனத்குமார நதி:
எல்லோருக்கும் நன்றி. சனி கோட்டையும் அருங்காட்சியகமும், ஞாயிறு அதியமான்கோட்டை, பிறகு பாப்பாரப்பட்டி, அவ்வளவுதான். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நடுகல் வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். எங்கள் குலதெய்வமும் வேடியப்பன்தான், பென்னாகரம் போகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் இருக்கிறது, எண்ணெயும் மஞ்சளும் ஏறி உருவமே தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் அங்கே கூட்டிப் போகச் சொல்கிறார். பேரனே, அந்தப் பக்கம் எழுத்து உள்ள கல் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா?

வேடியப்பன் பேரன்:
நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். எண்ணெயைச் சுரண்டாதீர்கள், சாமி கல். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது டார்ச்சையும் பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள், எழுத்து இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.