வன்மரமா, கலன்மரமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் hardwood, softwood என்பவற்றுக்குத் தமிழில் 'வன்மரம்', 'மென்மரம்' என்றே வைத்துவிடலாமே, ஏன் இவ்வளவு இழுக்கிறீர்கள் என்று ஐயா கேட்டிருந்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் எங்கள் மலைப்பக்கத்து மரங்களோடு வைத்துப் பார்த்தால் அந்தச் சொல் நிற்கவில்லை.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் அல்பீசியா மரம் உண்டு. காய்ந்த பலகையில் பெருவிரல் நகத்தை அழுத்தினால் தடம் விழும். அவ்வளவு மெத்து. ஆனாலும் பூக்கும் மரம் என்பதால் தாவரவியலில் அது வன்மரம். சரிவுகளில் வரிசையாக நட்ட பைனஸ் (பைன் மரம்) அதைவிட உறுதி, அதற்குப் பெயர் மென்மரம்! ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? (கவ்வாத்து வெட்டி மிலாறு, அதாவது சுள்ளி, பொறுக்குகிறோமே, அந்தத் தேயிலையும் வன்மர வகைதான்.)

வேறுபாடு உள்ளே இருக்கிறது. சவுக்குக் (நான் சொல்வது கிரவிலியா) கட்டையின் வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் சீவிவிட்டு, கைவில்லை வைத்துப் பாருங்கள்: ஊசி குத்தினாற்போலத் துளைகள் தெரியும். அவை காழ்க்கலன்கள் (vessels), மரத்துக்குள் நீர் போகும் குழாய்கள். பைனஸில் அவை கிடையாது, நீரைக் கொண்டுபோவது குழற்போலிகள் (tracheids) என்னும் ஒடுங்கிய கலங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும் துளைகள் பிசின் ஓடும் வழி, ஏமாந்துவிடாதீர்கள்.

அதனால் என் முன்மொழிவு: வன்மரத்துக்குக் கலன்மரம், மென்மரத்துக்குக் கலனிலிமரம். வித்துமூடியிலி (gymnosperm, பைனஸ் சேரும் தாவர வகை) படித்தவர்களுக்கு 'இலி' புதிதல்ல. 'காழ்' என்பதும் இலங்கைப் பாடநூலில் உள்ளதுதான். தமிழ்நாட்டு நண்பர்கள் சைலம் என்று சொல்வது.

'அகலிலை மரம்' என்ற யோசனையும் வந்தது. எங்களுக்குச் சவுக்கு என்றால் தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா, சிங்களத்தில் சபுக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கரையோரத்தாருக்கு அதே பெயரில் வேறு மரம். அதைப் பார்த்தால் ஊசியிலை போலத்தான் இருக்கும், ஆனால் கலன் உண்டு. இலையை நம்பினால் அங்கே இடறும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கலன் இல்லாத பூக்கும் மரங்கள் உலகில் சில இருக்கின்றன. அதற்கு ஓர் அடிக்குறிப்புப் போதும். மரம் விற்கும் மரக்காலையில் வன்மரம் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே போய்க் கலன்மரம் கேட்டால் சிரிப்பார்கள்.

அப்புறம், 'கலனிலிமரம்' எனக்கே வாயில் இடறுகிறது. 'கலனிலி' என்று நிறுத்திக்கொள்ளலாமா?