பழைய லிப்எஸ்எஸ்எல் 111-ஐ இப்பவே தூக்கலாமுங்களா? (ஃப்ரீபிஎஸ்டி 13-ல இருந்து 14)

நூல்கண்டு, திருப்பூர்:

வணக்கமுங்க. எங்க மாமா பனியன் கம்பெனில பில்லு, ஸ்டாக்கு, சனிக்கெழமைக் கூலி எல்லாமே ஒரே ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) பொட்டிலதான் ஓடுது. அதைய 13-ல இருந்து 14-க்கு ஏத்தீட்டு இருக்கறேன். 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால்' ரெண்டு தடவ முடிஞ்சுது, ரீபூட்டும் ஆச்சு. இப்ப என்னடான்னா, வெளிய இருந்து போட்ட சாஃப்ட்வேரையெல்லாம் புதுசு பண்ணிட்டு இன்னொருக்கா ஓட்டு, பழைய ஷேர்டு லைப்ரரிய (பல புரோகிராமும் பொதுவா எடுத்துக்கற கோடு; லிப்எஸ்எஸ்எல் 111 என்கிரிப்ஷனுக்கான அப்படி ஒண்ணு) எடுக்கணும்ங்குது. டிஸ்க்கு 92 சதம் ரொம்பிருச்சு. "பழசயெல்லாம் அக்கட்டால தூக்கிப் போடு"ங்கறாரு மாமா. எல்லாம் நல்லாத்தான் ஓடுது, மூணாவது தடவையும் ஓட்டீரலாமுங்களா? பார்கோடு லேபிள் அடிக்கற புரோகிராம் ஒண்ணுதான் உறுத்துது. எழுதிக் குடுத்தவரு ஊர உட்டே போயிட்டாரு, சோர்ஸ் கோடும் இல்ல.

கோவை பென்குயின்:

ஏப்டி ஆட்டோரிமூவ் (தேவையில்லாத பேக்கேஜ எடுக்கற கமாண்டு) அடிச்சா ரெண்டு நிமிசத்து வேல. எதுக்குங்க இத்தன யோசன?

மஞ்சமண்டி, ஈரோடு:

ஓட்டீராத கண்ணு. பென்குயின் தம்பி சொல்றது டெபியன் லினக்ஸ்ல சரி. இங்க அடிப்படை சிஸ்டத்த ஒருத்தன் பாக்கறான், வெளிய இருந்து போட்ட பேக்கேஜ இன்னொருத்தன் பாக்கறான்.

"நல்லாத்தான் ஓடுது"ன்ன பாரு, நானும் அதைய நம்பித்தான் கெட்டேன். 11-ல இருந்து 12-க்குப் போனப்ப சோர்ஸ்ல இருந்து கட்டுன பொட்டி. 'மேக் டெலீட்-ஓல்டு-லிப்ஸ்' ஒவ்வொரு லைப்ரரிக்கும் எடுக்கட்டுமான்னு கேக்கும். எனக்கெங்க பொறும, எல்லாக் கேள்விக்கும் தானா ஆமாம்ங்கற 'யெஸ்' கமாண்ட பைப்புல மாட்டி உட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அது புதங்கெழம. வியாழன், வெள்ளி ஒரு கொறையும் இல்ல. சனிக்கெழம கரண்டு போச்சு, யூபிஎஸ்ஸும் கைய விரிச்சுருச்சு. கரண்டு வந்து பொட்டி எந்திரிச்சா ஒரு சர்வீசும் எந்திரிக்கல. 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.8 நாட் ஃபவுண்ட்'. கூலிக்கு வந்த சனம் வாசல்ல உக்காந்திருக்குது, சம்பளப் பட்டியல் வரமாட்டீங்குது. பேக்கேஜ் கமாண்டே அதே லைப்ரரி இல்லாம செத்துப் போச்சு. வேற லைப்ரரி தேவப்படாம ஸ்டேட்டிக்கா கட்டுன பேக்கேஜ்-ஸ்டேட்டிக் இருந்ததால பொழச்சேன்.

ஃபைல அழிச்சாலும், அதைய ஏற்கெனவே தொறந்து வெச்சிருக்கற ப்ராசஸ் கிட்ட அது உசுரோடதான் இருக்கும். பேரு மட்டுந்தான் டைரக்டரில இருந்து போகும். ரீஸ்டார்ட் ஆகறப்பத்தான் பல்லக் காட்டும். அதனால அழிச்ச அன்னைக்கு ஓடுனத வெச்சு எதையும் முடிவு பண்ணாத.

டிஸ்க்கு இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமா இருந்தா மொதல்ல பெக்டில் கமாண்டுல ஒரு பூட் என்விரான்மென்ட் (கெட்டாத் திரும்பிப் போக சிஸ்டத்தோட நகல்) எடுத்து வெய்யி. அப்புறம் 'பேக்கேஜ்-ஸ்டேட்டிக் அப்கிரேடு மைனஸ் எஃப்', மொத்தத்தையும் திரும்ப எறக்கும். முடிஞ்சதும் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள இருக்கற புரோகிராம் அத்தனைக்கும் எல்டிடி (எந்தெந்த லைப்ரரியக் கேக்குதுன்னு காட்டற கமாண்டு) ஓட்டி, 111-னு முடியற பேரு எங்க வருதுன்னு கிரெப்ல தேடு. புரோகிராம் இருக்கற 'பின்' டைரக்டரியோட நிறுத்தீராத, லிப் டைரக்டரில இருக்கற எஸ்ஓ ஃபைல்களுக்கும் ஓட்டு. பிஎச்பி மாட்யூல் மாதிரியானத ஓடறப்பத்தான் இழுத்து மாட்டுவாங்க, மெயின் புரோகிராமோட எல்டிடில அது தெரியாது.

உன்ற லேபிள் புரோகிராமுக்கு, அது கேக்கற பழைய லைப்ரரிகள மட்டும் யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப்-கம்பாட்-பிகேஜிக்குள்ள காப்பி பண்ணி எல்டிகான்ஃபிக்க (லைப்ரரி எங்க இருக்குதுன்னு குறிச்சு வெக்கறது) ரீஸ்டார்ட் பண்ணு. அந்த எடத்த எல்டிகான்ஃபிக் தானாத் தேடும். புது லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.30-க்கு 111-னு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலக் கைகாட்டற பேரு) மட்டும் போட்றாத! அது ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, உள்ளார சங்கதியே வேற. இன்னொண்ணு, பழைய 111 ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஓடது; அந்த 1.1.1-க்கு 2023 செப்டம்பரோட ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க இலவசமாத் திருத்தம் குடுக்கறத நிறுத்தீட்டாங்க. உள்ளூர் பிரிண்டருக்குப் போதும், வெளி நெட்டுப் பக்கம் அந்தப் புரோகிராம உடாத.

எடத்துக்காக இதைய அழிக்கறது வீண் வேல, சில எம்பிதான் மிஞ்சும். எல்லாம் முடிஞ்சு திரும்பிப் போக வேண்டியதில்லைன்னு ஆனப்பறம், வார்-டிபி-ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட், வார்-கேஷ்-பிகேஜி ரெண்டு டைரக்டரியையும் பாரு. அட்டாலில கெடக்கற அண்டாவ உட்டுட்டு கரண்டிய எடுத்து வித்த கதையாயிரக் கூடாது.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு: 'பேக்கேஜ் லாக் மைனஸ் எல்' அடிச்சுப் பாத்துக்குங்க. பூட்டி வெச்ச பேக்கேஜ மைனஸ் எஃப் போட்டாலும் தொடாது.

நூல்கண்டு, திருப்பூர்:

ரொம்ப நன்றிங்ணா. நேத்துப் பொழுதோட உக்காந்து முடிச்சனுங்க. தென்னந்தோப்பு சொன்ன மாதிரியே ஒரு பேக்கேஜு பூட்டிக் கெடந்துச்சு, பூட்டுனது நானேதான், போன வருசம். எல்டிடில லேபிள் புரோகிராமும், நான் கையால கம்பைல் பண்ணி மறந்தே போன பிஎச்பி மாட்யூல் ஒண்ணும் மாட்டுச்சு. மாட்யூல மறுபடி கட்டீட்டேன், லேபிளுக்கு ரெண்டு லைப்ரரிய கம்பாட்டுல வெச்சேன். அப்பறந்தான் மூணாவது இன்ஸ்டால். ரெண்டு தடவ ரீபூட் பண்ணிப் பாத்துட்டு அந்த ரெண்டு டைரக்டரியையும் காலி பண்ணுனேன், டிஸ்க்கு 74-க்கு எறங்கிருச்சு. மாமா நம்பல, ஒரு லேபிள் அடிச்சுக் காட்டுன்னாரு. அடிச்சேன். ரோலு தீந்து போச்சு, அது வேற கத.